சிக்கசா மொழி: எத்தனை பேர் பேசுகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள்

அமெரிக்கப் பழங்குடி மொழிகளில் ஒன்றான சிக்கசாவை இன்று எத்தனை பேர் பேசுகிறார்கள், தமிழைப் போல வினைச்சொல் கடைசியில் வருவதாலும் ஒட்டுகள் சேர்ந்து சொல் வளர்வதாலும் அதற்கும் தமிழுக்கும் உறவு இருக்கக்கூடுமா, அந்த மொழி இனியும் நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: குழந்தைப் பருவத்திலிருந்து வீட்டில் பேசி வளர்ந்தவர்கள் சில பத்துப் பேரே இருக்கிறார்கள், அவர்களும் பெரும்பாலும் முதியவர்கள். இரண்டாவதற்கு விடை, உறவு இல்லை, ஒப்புமை உண்டு என்பதே. அந்த ஒப்புமையை இலக்கணத்துக்குள் புகுந்துதான் காட்ட முடியும். மூன்றாவதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்குத் துணிவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு எதுவும் இந்த மொழியின் நிலையைச் சரியாகச் சொல்லாது என்பதற்கான காரணங்களை மட்டும் தர முடியும்.

சிக்கசா நேஷன் என்பது ஓக்லஹோமா மாநிலத்தின் தென் நடுப்பகுதியில், 13 கவுன்டிகளில், 7,648 சதுர மைல் பரப்பில் அமைந்த பழங்குடி அரசு. ஏடா என்னும் சிறு நகரம் அதன் தலைமையகம். அதற்கென அரசியலமைப்பும் சட்டமன்றமும் நீதிமன்றமும் மருத்துவமனையும் உண்டு. பில் அனோஅடபி என்பவர் 1987 முதல் அதன் ஆளுநராக இருந்துவருகிறார். குடிமக்களாகப் பதிவு பெற்றவர்கள் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இந்த எண்ணையும் நான் மேலே சொன்ன "சில பத்துப் பேர்" என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பேச ஆளில்லாமல் போன இனத்தின் மொழி அன்று இது. இனம் பெருகிக்கொண்டிருக்கும்போதே, அந்த இனத்தாரின் வீடுகளிலிருந்து வெளியேறிவிட்ட மொழி.

ஓக்லஹோமாவும் அவர்களுடைய பூர்விகம் அன்று. இன்றைய மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதி, குறிப்பாக டுபெலோ நகரத்தைச் சுற்றியுள்ள நிலம்தான் அவர்களின் பழைய ஊர்கள் இருந்த இடம். அங்கிருந்து அலபாமா, டென்னசி, கென்டக்கி வரை வேட்டை நிலங்கள் பரவியிருந்தன. மொழியை அவர்கள் "சிகஷ்ஷனொம்ப" என்கிறார்கள். சிகஷ்ஷ என்பது இனத்தின் பெயர், அனொம்ப என்றால் சொல் அல்லது பேச்சு. (இந்தப் பதிலில் வரும் சிக்கசாச் சொற்களில் "ச" எழுத்தைப் "பச்சை" என்பதில் ஒலிப்பது போல ஒலிக்க வேண்டும், ஸகர ஒலிக்கு "ஸ" எழுதியிருக்கிறேன். குரல்வளையில் மூச்சை ஒரு கணம் நிறுத்திவிடும் ஒலி ஒன்றும் அங்கே அடிக்கடி வரும். நம் எழுத்தில் அதற்கு இடமில்லாததால் விட்டுவிட்டேன்.)

மொழியியலாளர்கள் சிக்கசாவை மஸ்கோகி மொழிக்குடும்பத்தில் வைக்கிறார்கள். அலபாமா, கோஅசாட்டி, மிக்கசூக்கி, கிரீக் (கிரேக்கம் அன்று) ஆகியவை அதே குடும்பத்தவை. எல்லாவற்றிலும் நெருங்கியது சாக்டா. அந்த நெருக்கத்துக்கு இரு இனத்தாரும் ஒரு கதை சொல்வார்கள். சிக்ஸ, சாஹ்தா என்னும் அண்ணன் தம்பியர் மேற்கிலிருந்து மக்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். இரவில் ஒரு கம்பை நட்டுவைத்து, காலையில் அது எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ அந்தத் திசையில் நடந்தார்கள். நாள்தோறும் அது கிழக்கே சாய்ந்தது. மிசிசிப்பி ஆற்றைக் கடந்த பின் ஒரு காலையில், கம்பு நேராக நின்றுவிட்டது என்றார் ஒருவர், இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது என்றார் மற்றவர், அங்கே பிரிந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய வெள்ளை நாய் ஆற்றில் போய்விட்டதாகவும் சொல்வதுண்டு. நாம் பால்வீதி என்று சொல்வதைச் சிக்கசா மொழி "வெள்ளை நாயின் பாதை" என்கிறது. இரண்டும் தனி மொழிகளா, ஒரே மொழியின் இரு வழக்குகளா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பேசுகிறவர்களுக்கோ அதில் ஐயம் இல்லை. தம்முடையது தனி மொழி என்பதே சிக்கசாக்களின் நிலைப்பாடு, அதற்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இனி ஒப்புமைக்கு வருவோம். "ஒஃபிஅத் கொவிஅன் ல்ஹியொஹ்லிதொக்" என்பது ஒரு சிக்கசா வாக்கியம். ஒஃபி என்றால் நாய், கொவி என்றால் பூனை, ல்ஹியொஹ்லி என்றால் துரத்து, கடைசியிலுள்ள "தொக்" இறந்தகாலம். "நாய் பூனையைத் துரத்தியது" என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் தமிழாக்கிவிடலாம். பூனைக்குப் பின்னே வரும் மூக்கொலி (அதைத்தான் "ன்" என்று எழுதியிருக்கிறேன்) நம்முடைய "ஐ" உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: தமிழில் எழுவாய்க்கு உருபில்லை, அங்கே எழுவாயும் "அத்" என்ற உருபை ஏற்கிறது. காலமும் அப்படித்தான், சற்று முன் நடந்ததற்கு ஓர் ஒட்டும், நெடுங்காலத்துக்கு முன் நடந்ததற்கு நீட்டி ஒலிக்கும் வேறோர் ஒட்டும் உண்டு.

இதைவிட நெருக்கமான இடம் ஒன்று இருக்கிறது. நமக்குப் "பசிக்கிறேன்" என்று சொல்ல வராது. "எனக்குப் பசிக்கிறது" என்போம். ஓடுவது நான், ஆனால் பசிப்பது எனக்கு. செய்கிற "நான்" வேறு, நேர்கிற "நான்" வேறு என்ற இந்த உணர்வைத் தமிழ் நான்காம் வேற்றுமையைக் கொண்டு காட்டுகிறது. சிக்கசா அதையே வினைச்சொல்லின் மேல் ஒட்டும் தன்மை ஒட்டுகளால், இன்னும் ஒரு படி நுணுக்கமாகக் காட்டுகிறது. சொக்ம என்றால் "நல்ல". அதன்மேல் "லி" என்ற ஒட்டைப் பின்னால் சேர்த்துச் "சொக்மலி" என்றால், நான் நல்லவனாக நடந்துகொள்கிறேன், அதாவது வேண்டுமென்றே அப்படி இருக்கிறேன் என்று பொருள். "ஸ" என்பதை முன்னால் சேர்த்து "ஸசொக்ம" என்றால் நான் நல்லவன், என் இயல்பே அது. மூன்றாவது வகை ஒட்டைச் சேர்த்து "அஞ்சொக்ம" என்றால் எனக்கு நன்றாயிருக்கிறது, நலமாக உணர்கிறேன். ஒரே வேர்ச்சொல், "நான்" என்பது மட்டும் மூன்று வேடம் போடுகிறது. அங்கே ஒருவரை ஒருவர் சந்தித்தால் "சிஞ்சொக்ம?" என்று கேட்பார்கள். "உங்களுக்கு நலமா?" என்பது அதன் நேர்பொருள். விடை, அஞ்சொக்ம. ஆங்கிலத்தில் இதை விளக்க வேண்டியிருக்கும் பேராசிரியர் ஒரு பக்கம் எழுத வேண்டும். தமிழருக்கு அரைப் பக்கம் போதும் என்று நினைக்கிறேன்.

வாக்கியங்களைக் கோக்கும் முறையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. "அவன் வந்து பாடினான்" என்றால் வந்தவனும் பாடியவனும் ஒருவனே என்று நாம் எளிதில் கொள்கிறோம். "அவன் வர, அவன் பாடினான்" என்றால் இருவர் என்று காது எடுத்துக்கொள்ளும். வினையெச்ச வகையே எழுவாய் மாறியதா இல்லையா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிக்கசாவில் இது விதிவிலக்கில்லாத ஒழுங்காகவே வளர்ந்திருக்கிறது. முதல் வினையின் முடிவில் "ச" வந்தால் அடுத்த வினையைச் செய்பவரும் அவரே. "ன" வந்தால் வேறொருவர். "போனால்", "போகிறதென்று" என்பன போன்ற மற்ற தொடர்களிலும் இதே இரட்டை. ஒரு முழுக் கதையையும் பெயர் சொல்லாமல், இந்த இரண்டு ஒட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டே குழப்பமின்றிச் சொல்லிவிட முடியும்.

தமிழில் இல்லாதவையும் ஏராளம். உட்காருதல், நிற்றல், ஓடுதல், போதல் முதலிய பல சாதாரண வினைகளுக்கு ஒருவர் செய்தால் ஒரு சொல், இருவர் செய்தால் வேறு சொல், மூவரும் அதற்கு மேற்பட்டோரும் செய்தால் இன்னொரு சொல். வினையின் நடுவிலேயே ஓர் ஒலியைச் செருகி, அல்லது உயிரை மூக்கொலியாக்கி, "சட்டென்று செய்தான்", "செய்துகொண்டே இருந்தான்" என்ற நுண்பொருள்களை உண்டாக்கலாம். உயிர்கள் அ, இ, ஒ என மூன்றே. அவை குறுகியும் நீண்டும் மூக்கோடும் வரும். ககரத்துக்கும் தகரத்துக்கும் அதிரும் இணையொலி கிடையாது, ஆனால் பகரத்துக்கு மட்டும் உண்டு. நாக்கின் பக்கவாட்டில் காற்றை உரசவிட்டு எழுப்பும் ஓர் லகரமும் இருக்கிறது. அதை "ல்ஹ்" என்று எழுதுவதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒலிநயத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். பிஸ என்றால் பார். "நான் பார்க்கிறேன்" என்பதை எழுதும்போது "பிஸலி". ஒலிக்கும்போது "பிஸாலி", இரண்டாம் அசை நீளும். "நான் உன்னைப் பார்க்கிறேன்" என்பதற்கு முன்னால் ஓர் அசை கூடிச் "சிபிஸலி" ஆகிறது, ஒலிப்பதோ "சிபீஸலி". நீட்சி "ஸ" என்பதை விட்டுவிட்டு "பி" என்பதற்குத் தாவிவிட்டது. குறில் அசைகள் தொடர்ந்து வந்தால், இறுதி அசை நீங்கலாக, ஒன்றுவிட்டு ஒன்று நீள வேண்டும் என்பது விதி. வேர்ச்சொல்லில் எந்த உயிர் நெடில் என்பது, அதன் முன்னால் எத்தனை அசைகள் ஒட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே அமைகிறது. யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு நிரையசை நினைவுக்கு வரலாம். ஆனால் இது செய்யுளுக்கு மட்டுமான ஒழுங்கன்று, சந்தையிலும் அடுப்படியிலும் பேசும் பேச்சின் ஒழுங்கு. குரலின் ஏற்ற இறக்கமும் நாம் பழகியதற்கு நேர்மாறு. சிக்கசாவில் சாதாரணச் செய்தி வாக்கியம் உயர்ந்த குரலில் முடியும். கேள்வி பெரும்பாலும் தாழ்ந்து முடியும். உலகமொழிகளில் கேள்விக்குக் குரல் ஏறும் என்பதைப் பொதுவிதியாகவே சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு நல்ல மறுப்பு.

இவ்வளவு ஒப்புமை இருந்தும் உறவு இல்லை என்று எப்படிச் சொல்வது? வினை கடைசியில் வருவதும், உருபுகள் பின்னால் ஒட்டுவதும் உலகின் தொடர்பற்ற பல மொழிகளில் காணப்படும் அமைப்பு. ஜப்பானியத்திலும் துருக்கியிலும் கெச்சுவாவிலும் காணலாம். உறவை நிறுவ வேண்டுமானால், அடிப்படைச் சொற்களில் ஒலிக்கு ஒலி ஒழுங்காக ஈடு காட்ட வேண்டும்; தமிழுக்கும் கன்னடத்துக்கும் காட்ட முடிவது போல, சிக்கசாவுக்கும் கிரீக்குக்கும் காட்ட முடிவது போல. தமிழுக்கும் சிக்கசாவுக்கும் அப்படி ஒன்றும் கிடையாது. இந்த மயக்கம் புதிதும் அன்று. சிக்கசாக்களிடையே பல ஆண்டுகள் வணிகம் செய்து வாழ்ந்த ஜேம்ஸ் அடேர், 1775இல் லண்டனில் வெளியிட்ட தம் நூலில், இவர்கள் இஸ்ரேலிலிருந்து காணாமல் போன குலத்தவர் என்று வாதிட்டார். ஹீப்ருச் சொற்களோடு ஒலியொற்றுமை கண்டதும் அவருடைய சான்றுகளில் ஒன்று. அவர் நேரில் கண்டு எழுதிய வாழ்க்கைக் குறிப்புகள் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குப் பயன்படுகின்றன. சொல்லாராய்ச்சியை யாரும் தொடுவதில்லை. உலகத்துச் சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழ் வேர் காண்பவர்கள் நம்மிடையே உண்டு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

மொழி எவ்வாறு வீட்டை விட்டு வெளியேறியது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது படையெடுப்பால் நேரவில்லை. 1540ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர்கள் நாட்டில் வந்து தங்கிய ஸ்பானியர் எர்னாண்டோ டி சோட்டோவின் படையை, 1541 மார்ச்சில் இரவோடிரவாகத் தாக்கித் தீயிட்டு விரட்டியவர்கள் அவர்கள். 1736இல் இரு முனைகளிலிருந்து வந்த பிரெஞ்சுப் படைகள் இரண்டையும் முறியடித்தார்கள். அந்தக் காலத்தில் அவர்களுடைய மொழி அழியும் மொழி அன்று; பிறர் கற்கும் மொழி. கீழ் மிசிசிப்பிப் பகுதி முழுவதும் பல இனத்தாரும் வெள்ளை வணிகரும் பொதுவாகப் பேசிய வணிகக் கலப்புமொழி, சிக்கசாவும் சாக்டாவும் சேர்ந்த அடித்தளத்தில் எழுந்தது. பசுவுக்குச் சிக்கசாவில் "வாக" என்று பெயர். ஸ்பானியச் சொல்லான அது இப்படிப்பட்ட வணிகத் தொடர்புகளின் வழியே வந்து தங்கியது, நம்மிடம் போர்த்துக்கீசியரின் ஜன்னலும் அலமாரியும் தங்கியது போல.

1832இல் பொன்டடாக் ஒப்பந்தத்தில் கிழக்கு நிலங்களை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1837 ஜனவரியில் டோக்ஸ்வில் என்ற ஊரில், 5 லட்சத்து 30 ஆயிரம் டாலர் கொடுத்து, இன்றைய ஓக்லஹோமாவில் இருந்த சாக்டா நாட்டின் மேற்குப் பகுதியில் குடியேறும் உரிமையைப் பெற்றார்கள். ஏறத்தாழ 4,900 சிக்கசாக்களும், அவர்களிடம் அடிமைகளாக இருந்த 1,100க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களும் அந்த இடப்பெயர்வின் பட்டியல்களில் இருந்தார்கள். அந்தக் கறுப்பின மக்களுக்கு விடுதலைக்குப் பிறகும் சிக்கசா நேஷன் குடியுரிமை தரவில்லை. மொழியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆண்டான் மொழியைப் பேசி வளர்ந்த அடிமைகளும் அந்த மொழியின் பேச்சாளர்களே.

புது இடத்தில் அவர்கள் சாக்டா அரசின் ஒரு மாவட்டமாகச் சிறுபான்மையாயினர். பிரிந்து, 1856இல் தமக்கெனத் தனி அரசியலமைப்பு எழுதி, டிஷோமிங்கோவைத் தலைநகராக்கும் வரை இந்நிலை நீடித்தது. மொழி தனி என்பதை அவர்கள் வலியுறுத்துவதன் அரசியல் பின்னணி இதுதான். ஆனால் எழுத்தில் அந்தப் பிரிவினை நிகழவே இல்லை. மிஷனரிகள் சாக்டாவுக்கு எழுத்துமுறை அமைத்து, 1848இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்கள், பாட்டுப் புத்தகங்களும் வந்தன. சிக்கசாக் கிறித்தவர்கள் அவற்றையே பயன்படுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாக்டாவில் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து சிக்கசாவில் பேசினார்கள். ஆகவே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சிக்கசாவில் எழுத வேண்டிய தேவையே எழவில்லை.

பள்ளிகள் மொழியை அழித்தன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. 1852இல் பெண்களுக்காகத் தொடங்கிய புளூம்ஃபீல்ட் அகாடமி முதலிய உறைவிடப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. உள்நாட்டுப் போருக்குப் பின் அந்தப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் நடத்தியது வாஷிங்டன் அன்று, சிக்கசா அரசே. ஒப்பந்தங்களைப் படிக்கவும் வழக்காடவும் நிலத்தைக் காக்கவும் ஆங்கிலம் தெரிந்த தலைமுறை வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் தவறு காண என்னால் முடியவில்லை. தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் யாரும் அந்தக் கணக்கையே போடுகிறார்கள். கூட்டாட்சி அரசின் கைக்குப் பள்ளிகள் போன பிறகு தாய்மொழி பேசினால் தண்டனை என்ற நிலை வந்தது வேறு கதை.

பள்ளியைவிடப் பெரிய காரணம் அக்கம்பக்கம். 1890களுக்குள் சிக்கசா நாட்டில் குத்தகைக்கும் தொழிலுக்கும் வந்து குடியேறிய வெள்ளையர், சிக்கசாக்களைவிடப் பல மடங்காகிவிட்டனர். பிறகு 1898இன் கர்டிஸ் சட்டம் பொதுநிலத்தைத் தனிப்பட்டாக்களாகத் துண்டாட வழி செய்தது. 1907இல் ஓக்லஹோமா மாநிலமாயிற்று. அடுத்தடுத்து வாழ்ந்த உறவுக்குடும்பங்கள் ஆங்கிலம் பேசும் பண்ணைகளுக்கு நடுவே தனித்தனித் தீவுகளாயின. 1950களில் பழங்குடியினரை நகரங்களுக்கு அனுப்பும் மத்திய அரசுத் திட்டம் எஞ்சியவர்களில் பலரை லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற ஊர்களுக்குக் கொண்டுபோயிற்று. பக்கத்து வீட்டாரோடும் கடைக்காரரோடும் பேச உதவாத மொழி, தாயும் பிள்ளையும் மட்டும் பேசும் மொழியாகச் சுருங்கும். அடுத்த தலைமுறையில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இடையிலான மொழியாகும். 1940களுக்குப் பிறகு பிறந்தவர்களில் அதைத் தாய்மொழியாகப் பெற்றவர்கள் அரிது.

2013 டிசம்பர் 30 அன்று எமிலி ஜான்சன் டிக்கர்சன் என்ற மூதாட்டி தமது 93ஆம் வயதில் காலமானார். சிக்கசாவை மட்டுமே பேசிய கடைசி மனிதர் அவர். அப்போது சரளமாகப் பேசுபவர்கள் சுமார் 65 பேர் என்று சொல்லப்பட்டது. அந்த ஒருவரின் மறைவைச் சாதாரணக் கழித்தலாக, 65இல் ஒன்று போனதாக, எண்ணக் கூடாது. மற்ற அனைவரும் இருமொழியாளர்கள். சொல் கிடைக்காதபோது ஆங்கிலத்துக்குள் ஒதுங்கிக்கொள்ள அவர்களுக்கு இடம் இருந்தது. அவரிடம் பேச வேண்டுமானால் சிக்கசாவில்தான் பேசியாக வேண்டும். ஒரு மொழியைப் பேசியே தீர வேண்டிய சூழலை இறுதிவரை தம் இருப்பால் உண்டாக்கிவைத்திருந்தவர் அவர். இதனால்தான் "எத்தனை பேர்" என்ற உங்கள் கேள்வியோடு "யாரோடு" என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐம்பது பேர் ஐம்பது ஊர்களில் ஆங்கிலம் மட்டும் அறிந்த பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்தால், அந்த ஐம்பது பேரும் அன்றாட வாழ்வில் பேச்சாளர்கள் அல்லர்.

எழுத்தில் பதியும் பணி தாமதமாகத்தான் தொடங்கியது. பாதிரியார் ஜெஸ்ஸி ஹியூம்ஸும் அவர் மனைவி வின்னி மே ஹியூம்ஸும் தொகுத்த முதல் அகராதி 1973இல் வந்தது. இருவரும் தாய்மொழியாளர்கள், தம் காதுக்குப் பட்டபடி எழுதினார்கள். பிறகு 1977 முதல், லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மொழியியலாளர் பமீலா மன்ரோ, அந்த நகரத்தில் வாழ்ந்த கேத்தரின் வில்மண்ட் என்ற சிக்கசாப் பெண்மணியோடு சேர்ந்து உழைத்தார். மூக்குயிர்களுக்கும் குரல்வளை ஒலிக்கும் தனிக் குறிகள் கொண்ட அவர்களுடைய பகுப்பாய்வு அகராதி 1994இலும் பாடநூல் 2008இலும் வெளிவந்தன. நான் மேலே சொன்ன இலக்கணச் செய்திகளில் பெரும்பகுதி இந்தக் கூட்டுழைப்பின் பயன். மொழியைக் கரைக்கக்கூடிய நகர வாழ்க்கைதான் இந்த இருவரையும் ஒரே ஊரில் சந்திக்க வைத்தது என்பதை என்னால் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு எழுத்துமுறைகளையும் சிக்கசா நேஷன் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதியவர்களில் பலருக்கு ஹியூம்ஸ் முறை இதமானது, கற்போருக்கு மன்ரோ, வில்மண்ட் முறை துல்லியமானது. எழுத்துச் சீர்திருத்தத்தில் ஆண்டுகளைச் செலவிட்ட நமக்கு இந்தப் பொறுமை கற்கத் தக்கது.

2007இல் நேஷன் மொழி மீட்புக்கெனத் தனித் துறை அமைத்தது. அதைத் தொடங்கி நடத்தியவர் ஜோஷுவா ஹின்சன். சிக்கசாவில் அவர் பெயர் "லொகொஷ்", சுரைக்காய் என்று பொருள். அவருக்கு இது தாய்மொழி அன்று. 2000ஆம் ஆண்டில் மகன் பிறந்தபோது, அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தம்மிடம் சில சொற்களே இருப்பதை உணர்ந்து, முதியவர்களிடம் போய்க் கற்றவர். 2009இல் கைப்பேசிச் செயலி வந்தது, 2015க்குப் பிறகு மொழிப்பாட மென்பொருள் தயாரிக்கும் ரொசெட்டா ஸ்டோன் நிறுவனத்தோடு சேர்ந்து படிப்படியான காணொளிப் பாடங்கள் வந்தன, குழந்தைகளுக்கான மொழிக் குழுக்களும் கல்லூரி வகுப்புகளும் நடக்கின்றன. நேஷனின் சூதாட்ட விடுதிகளிலிருந்து வரும் வருவாய் இதற்கெல்லாம் ஈடுகொடுக்கிறது. அழியும் நிலையிலுள்ள பெரும்பாலான மொழிகளுக்கு இந்த வசதி கனவிலும் கிடையாது.

ஆயினும் பயன் தருவதாக நான் கருதுவது இவற்றில் மிகப் பழைமையான முறையைத்தான்: ஒரு முதியவரும் ஒரு மாணவரும், ஆங்கிலத்தைத் தொடாமல், வாரத்துக்குப் பல மணி நேரம் சேர்ந்திருப்பது. சமைப்பது, கடைக்குப் போவது, வண்டி ஓட்டுவது என்று அன்றாட வேலைகளையே பாடமாக்கும் இந்தக் குரு, சீடன் முறை 1990களில் கலிஃபோர்னியாவின் பழங்குடி மொழிகளுக்காக வகுக்கப்பட்டு, பின்னர் சிக்கசாக்களால் கையாளப்பட்டது. செயலியை லட்சம் பேர் இறக்கிக்கொள்ளலாம். அவர்களுக்குச் "சிஞ்சொக்ம" சொல்ல வரும். எழுவாய் மாறும்போது "ச" என்பதை விட்டு "ன" என்பதற்குத் தன்னறியாமல் தாவ வேண்டுமானால், ஆயிரக்கணக்கான மணி நேரம் கேட்டிருக்க வேண்டும். பணம் கொடுத்தும் பெருக்க முடியாதது அந்த முதியவர்களின் மணிகள் மட்டுமே. மாணவர் எண்ணிக்கை ஏறும்போது அது இறங்குகிறது.

புதுச் சொற்கள் இல்லையே என்ற கவலை தேவையற்றது. மொழி அதற்கு எப்போதும் ஆயத்தமாகவே இருந்தது. உலோகத்துக்கும் கல்லுக்கும் "தலி" என்று பெயர். அதோடு பேச்சைச் சேர்த்துத் தொலைபேசிக்குத் "தலானொம்ப" என்றார்கள், பேசும் உலோகம். பள்ளி என்பது "ஹொலிஸ்ஸாபிஸ", தாளைப் பார்க்கும் இடம். மேலே வந்த அதே "பிஸ" அதிலும் இருக்கிறது. சொல் உண்டாக்குவதற்கென மொழிக்குழு ஒன்று முதியவர்களைக் கொண்டு இயங்கிவந்திருக்கிறது.

எனக்குள்ள ஐயம் சொற்களைப் பற்றியது அன்று, நான் முன்பு சொன்ன குரலைப் பற்றியது. ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒருவர் இருபது வயதில் சிக்கசா கற்றால், சொற்களையும் ஒட்டுகளையும் உழைத்துப் பெற்றுவிடுவார்; ஆனால் சாதாரணச் செய்தியை உயர்ந்த குரலிலும் கேள்வியைத் தாழ்ந்த குரலிலும் முடிப்பது, அசைக்கு அசை நீட்சியைத் தாவவிடுவது ஆகியவை அவர் வாயில் ஆங்கிலத்தின் பக்கம் சாயக்கூடும். அப்படிச் சாய்ந்த சிக்கசாவைத் தம் பிள்ளைகளுக்கு அவர் பேசினால், பிள்ளைகள் அதையே தாய்மொழியாகப் பெறுவார்கள். அது முதியவர்களின் மொழி அன்று என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, தாயும் தந்தையும் தன்னோடு பேசிய மொழி அதுவாகத்தான் இருக்கும்.